31 அடி டிரெய்லரை இழுக்க அரை டன் பிக்கப் போதுமா, முக்கால் டன்னுக்குப் போக வேண்டுமா?

மார்க்கம்வாசி (மார்க்கம், ஒன்ராரியோ):

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு கோடையிலும் அல்கோன்குவின் பூங்காவுக்கும் சாண்ட்பேங்க்ஸுக்கும் மடக்குக் கூடார டிரெய்லர் ஒன்றை மினிவேனில் மாட்டிக்கொண்டு போய்வருகிறோம். பிள்ளைகள் மூவரும் வளர்ந்துவிட்டார்கள்; மூத்தவளுக்குப் பதினான்கு வயது, கடைக்குட்டிக்கு எட்டு. மழை பெய்யும் இரவில் ஐந்து பேரும் துணிக்கூரைக்குக் கீழே ஈரப் போர்வையோடு ஒடுங்கிக் கிடப்பது இனி முடியாது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அடுக்குக் கட்டில், குளியலறை, சமையல் மேடை எல்லாம் உள்ள 31 அடி டிரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். அதன் வெற்று எடை 6,600 பவுண்டு. பொருள்களை ஏற்றிய பிறகு அது தாண்டக்கூடாத உச்ச எடை 8,600 பவுண்டு.

இதை இழுக்க நாங்கள் பார்த்திருக்கும் வண்டி நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், கூரைக் கண்ணாடி, தோல் இருக்கை என்று எல்லா வசதிகளும் கொண்ட உயர்ரக அரை டன் பிக்கப். (அரை டன், முக்கால் டன் என்பவை பிக்கப்பின் வகைப் பெயர்கள்தான், உண்மையான சுமை அளவு அல்ல; முக்கால் டன் அடுத்த பெரிய வகை.) "இது 11,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும், உங்கள் டிரெய்லர் முழுதாக நிரம்பினாலும் 8,600தான், இரண்டாயிரத்துக்கு மேல் கையில் மிச்சம் இருக்கிறது" என்று விற்பனையாளர் காகிதத்தில் கழித்துக் காட்டினார். கழித்தல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடுத்த ஜூலையில் ராக்கி மலையிலுள்ள பான்ஃப், ஜாஸ்பர் பூங்காக்கள் வரை குடும்பத்தோடு ஓட்டிப் போகும் எண்ணம் இருப்பதால், அந்த ஒரு காகிதத்தை நம்பிக் கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை. வாரநாட்களில் நான் டொரண்டோ வட்டாரத்துக் கோ ரயிலில் வேலைக்குப் போகிறேன். ஆகவே இந்த வண்டிக்கு வார இறுதி வேலைகளும் டிரெய்லரும்தான் பணி. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

நெடுஞ்சாலைத்தோழன் (ஸ்காபுறோ, ஒன்ராறியோ):

தம்பி, நான் பத்தொன்பது வருடமாக நீண்டதூர லொறி ஓட்டுகிறேன். எந்த நிறுவனத்து வண்டி, எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து, நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டை போட்ட வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டவே கூடாது என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணை இங்கே எழுதுங்கள். கையேட்டில் உள்ள எண் வேண்டாம். நீங்கள் வாங்கப்போகும் அதே வண்டியின் கதவில் உள்ள எண் வேண்டும்.

மார்க்கம்வாசி:

அண்ணா, இன்று மாலை போய்ப் பார்த்தேன். 640 கிலோ, 1,411 பவுண்டு என்று இருக்கிறது. கையேட்டில் இதே வண்டிக்கு இரண்டாயிரத்துக்கு மேல் போட்டிருந்ததே என்று கேட்டதற்கு, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது பின்தொட்டியில் ஏற்றும் சரக்குக்கு மட்டும் உரியது, டிரெய்லருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விற்பனையாளர் சொன்னார்.

டெட்ராய்ட்பொறியாளர் (நோவை, மிச்சிகன்):

தொடர்பு இருக்கிறது, அந்த எண்தான் உங்கள் கேள்வியைத் தீர்க்கப்போகிறது. இருபது ஆண்டுகளாக அடிச்சட்டம், தொங்கல் அமைப்பு சார்ந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் வரும் இழுவைத் திறன் இட்டுக்கட்டிய எண் அன்று. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கேற்ற முறையில் சோதித்து எண்ணை அறிவித்துவந்தது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் ஜே 2807 என்ற பொதுவான சோதனை முறையை வகுத்த பிறகு, டொயோட்டா 2011 மாடலிலிருந்து அதை முதலில் ஏற்றுக்கொண்டது. ஏனைய பெரிய நிறுவனங்கள் 2015 மாடலை ஒட்டி வந்து சேர்ந்தன. அரிசோனாவின் புல்ஹெட் நகரத்துக்கு அருகில் டேவிஸ் அணையிலிருந்து மேலேறும் சாலையில், பதினொரு மைலுக்கு மேல் நீளும் ஏற்றத்தில், நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், குளிர்சாதனத்தை முழுவதுமாக ஓடவிட்டபடி, வேகம் மணிக்கு நாற்பது மைலுக்குக் கீழே இறங்காமல் அந்தப் பாரத்தை இழுத்துக் காட்ட வேண்டும். இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் குளிர்விப்பும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அது கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் தலைக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். டிரெய்லரின் முன்பாரம் பத்து விழுக்காடு. மூன்று பிள்ளைகளும் இல்லை, குளிர்பெட்டியும் இல்லை, விறகும் இல்லை, மிதிவண்டிகளும் இல்லை.

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்கள் மீது நிற்பதில்லை. கொக்கியில் வந்து உட்காரும் பகுதியை முன்பாரம் என்கிறோம். டிரெய்லர் ஆடாமல் நேராகப் பின்தொடர வேண்டுமானால், மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை இந்த முன்பாரம் இருக்க வேண்டும். அது உங்கள் பிக்கப்பின் பின்பகுதி சுமக்கும் சரக்கு. ஐந்து பேரின் எடையும், கொக்கிக் கருவியின் எடையும், பின்தொட்டியில் நீங்கள் போடும் ஒவ்வொரு பொருளும் அதே 1,411 பவுண்டுக்குள்தான் அடங்க வேண்டும்.

உங்கள் டிரெய்லரையே எடுத்துக்கொள்வோம். வெற்று எடை 6,600. எரிவாயு உருளை இரண்டு நிரப்பினால் 110, மின்கலம் இரண்டுக்கு 120. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு வருவதால், 45 காலன் தொட்டி நிரம்பினால் ஏறத்தாழ 375. பாத்திரம், படுக்கை, நாற்காலி, உணவு, கருவிப்பெட்டி, வெளிவிரிப்பு என்று ஒரு குடும்பம் ஏற்றுவது 750க்குக் குறையாது. ஆக 7,950 பவுண்டை ஒட்டி வந்துவிடுகிறது. அதில் பதின்மூன்று விழுக்காடு என்றால் 1,035 பவுண்டு கொக்கியில் அமரும். பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர் சேர்ந்து 580 என்று வைத்துக்கொள்கிறேன். பாரத்தைப் பகிரும் கொக்கிக் கருவி 90. விறகு, மிதிவண்டி, சிறிய ஜெனரேட்டர் என்று பிக்கப்பின் பின்தொட்டியில் 250. கூட்டினால் 1,955 பவுண்டு. கதவு அனுமதிப்பது 1,411. இழுவைத் திறனில் இரண்டாயிரம் மிச்சம் காட்டிய அதே வண்டி, சுமக்கும் திறனில் ஐந்நூறுக்கு மேல் கடனில் நிற்கிறது. பாரத்தைப் பகிரும் கருவி நூறு பவுண்டு அளவுக்கு டிரெய்லர் அச்சுக்குத் திருப்பி அனுப்பும். ஐந்நூறை அதனால் ஈடுகட்ட முடியாது.

கையேட்டில் இரண்டாயிரம் என்று கண்டது, அலங்காரம் குறைந்த இலேசான வகையின் எண். வண்டியின் மொத்த எடை வரம்பு ஏறக்குறைய மாறாமல் இருக்க, கூரைக் கண்ணாடி, மின்விசை இருக்கை, நான்கு சக்கர இயக்கம் ஆகிய ஒவ்வொன்றின் எடையும் உங்கள் பங்கிலிருந்துதான் கழிகிறது. பின்புறம் தாழ்ந்துவிட்டால் காற்றுப்பை வைத்து உயர்த்திக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். காற்றுப்பை வண்டியை மட்டப்படுத்தும். அச்சின் வரம்பையோ டயரின் வரம்பையோ ஒரு பவுண்டுகூட உயர்த்தாது.

சாக்ரமென்டோக்காரர் (கலிஃபோர்னியா):

நண்பர்களே, இதில் எனக்கு ஓரளவு மாற்றுக்கருத்து உண்டு. ஒன்பது ஆண்டுகளாக அரை டன் பிக்கப்பில்தான் டிரெய்லர் இழுத்துவருகிறேன். இன்டர்ஸ்டேட் 80இல் டானர் கணவாயைக் கணக்கற்ற முறை கடந்திருக்கிறேன். அரை டன் என்றாலே ஆபத்து என்ற எண்ணம் புதிதாக வருபவர்களை வீணாக அச்சுறுத்துகிறது. தேவைக்கு மேற்பட்ட வண்டியை வாங்கி, ஆண்டில் முந்நூற்று முப்பது நாள் வெறுமனே நிறுத்திவைத்துத் தவணை கட்டுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நான் வாங்கியது எப்படிப்பட்ட அரை டன் என்பதையும் சொல்ல வேண்டும். துணி இருக்கை, இரு சக்கர இயக்கம், இழுவைக்கான உயர்நிலைத் தொகுப்பு, ஆறரை அடித் தொட்டி. கதவில் 1,960 பவுண்டு என்று இருக்கிறது. ஐந்தரை அடித் தொட்டியோடு 145 அங்குலமாக இருக்கும் சக்கர இடைவெளி, ஆறரை அடித் தொட்டியில் 157 அங்குலமாகிறது. இந்தப் பன்னிரண்டு அங்குலம் பக்கக்காற்றில் எவ்வளவு நிதானம் தரும் என்பதை ஓட்டிப் பார்த்தவர்களே அறிவார்கள். என் டிரெய்லர் 25 அடி. ஏற்றிய பிறகு 6,300 பவுண்டு. நாங்கள் இருவர், ஒரு மகன். மேலும் இங்கே டிரெய்லரோடு போகும்போது சட்டப்படி 55 மைல்தான் வேகம். நான் அதைத் தாண்டுவதில்லை. ஆகவே மார்க்கம்வாசி தம் டிரெய்லரை 26 அடிக்குக் குறைத்துக்கொண்டால், அலங்காரம் குறைந்த அரை டன்னே அவருக்கு நெடுங்காலம் உழைக்கும்.

மின்சாரப் பிக்கப்பையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் 10,000 பவுண்டு வரை இழுக்கும் என்று அறிவிக்கப்பட்ட வண்டி. விசைக்குக் குறைவே இல்லை. ஆனால் பெரிய டிரெய்லரை மாட்டினால் ஒரு மின்னேற்றத்தில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பல மின்னேற்ற நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டியை நுழைக்க முடியும். நீண்ட பயணத்துக்கு இப்போதைக்கு அது ஒத்துவராது.

நெடுஞ்சாலைத்தோழன்:

சாக்ரமென்டோ ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. அவருடைய வண்டியும் அவருடைய டிரெய்லரும் பொருந்துகின்றன. தம்பி பார்த்திருக்கும் வண்டியும் டிரெய்லரும் பொருந்தவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒரு விஷயத்தை இங்கே எழுதாமல் விடக்கூடாது, ஏனென்றால் பாரம் கூடிவிட்டது என்று தெரிந்தவுடன் பலர் செய்யும் பிழை அது.

சில வருடங்களுக்கு முன்பு மச்சானின் குடும்பத்தோடு சுப்பீரியர் ஏரிக் கரையோரமாக 17ஆம் நெடுஞ்சாலையில் வாவாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அவருடைய அரை டன் பிக்கப், முப்பது அடி டிரெய்லர். ஓட்டியது அவர், பக்கத்து இருக்கையில் நான். வண்டியின் பின்புறம் தாழ்கிறது என்பதற்காக அவர் நான்கு மிதிவண்டிகளையும் டிரெய்லரின் பின்பம்பரில் கட்டியிருந்தார். அச்சுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பியிருந்தார். பார்வைக்கு வண்டி அழகாக மட்டமாக நின்றது. எதிரே ஒரு லொறி காற்றைத் தள்ளிக்கொண்டு கடந்தது. முதலில் இருக்கையில் ஒரு சிறிய தள்ளல்தான் தெரிந்தது. அடுத்த கணம் என் பக்கக் கண்ணாடி முழுவதும் டிரெய்லரின் வெள்ளைச் சுவர் நிறைந்தது. பிறகு அது மறைந்து மச்சானின் கண்ணாடியில் தெரிந்தது. மறுபடியும் என் பக்கம். ஒவ்வொரு முறையும் வீச்சு கூடியது. அவருடைய கால் பிரேக்கைத் தேடியது. "மிதிக்காதே, ஸ்டியரிங்கை நேராகப் பிடி" என்று சொல்லிவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் கைநெம்பை நான் எட்டி அமுக்கினேன். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் ஒரு வெட்டு வெட்டி, டிரெய்லர் நேரானது. பின்னிருக்கையில் இருந்த பிள்ளைகள் யாரும் பேசவில்லை. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி மிதிவண்டிகளை முன்னுக்கு மாற்றினோம், தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்ததில், அன்று இருந்த முன்பாரம் எட்டு விழுக்காட்டுக்கு மேல் இருந்திருக்காது என்று விளங்கியது.

இதனால்தான் சொல்கிறேன்: கதவில் உள்ள எண்ணுக்குப் பயந்து பாரத்தை டிரெய்லரின் பின்னால் தள்ளினால், ஸ்டிக்கர் தப்பிக்கும், நீங்கள் தப்பமாட்டீர்கள். முன்பாரத்தைக் குறைக்க வழி இல்லை. அதைச் சுமக்கக்கூடிய வண்டி வேண்டும், அல்லது சிறிய டிரெய்லர் வேண்டும்.

எதை வாங்கினாலும் நிறுத்துப் பாருங்கள். நெடுஞ்சாலை ஓரம் லொறிகள் தங்கும் இடங்களில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கும். இருபது டொலர் அளவில் முடியும் வேலை. முன்னச்சு ஒரு தட்டிலும், பின்னச்சு ஒரு தட்டிலும், டிரெய்லர் அச்சுகள் மூன்றாவது தட்டிலும் நிற்கவேண்டும். முழுக் குடும்பத்தோடும் முழுச் சாமானோடும் மூன்று முறை நிறுங்கள். பாரம் பகிரும் கம்பிகளை மாட்டிக்கொண்டு ஒருமுறை, கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை. இரண்டாவதில் வண்டிக்கு வரும் நிறையிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் உண்மையான முன்பாரம் கிடைக்கும்.

டென்வர்மலையோன் (கொலராடோ):

மலைக்குப் போகிறீர்கள் என்பதால் இரண்டு செய்திகள். ஏறுவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இறங்குவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

டர்போ (காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் செலுத்தும் கருவி) இல்லாத இயந்திரம் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ மூன்று விழுக்காடு விசையை இழக்கும். எங்கள் ஊர் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கும் மேலே இருப்பதால், அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு விசை காணாமற்போயிருக்கும். டர்போ உள்ள இயந்திரம் இதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆனால் நீங்கள் போகும் கனடியக் கணவாய்கள் இவ்வளவு உயரம் இல்லை. கிக்கிங் ஹார்ஸ் 1,627 மீட்டர், ஜாஸ்பர் வழியில் சன்வாப்டா 2,035 மீட்டர். ஆகவே உயரத்தை எண்ணி டர்போவுக்காகவே கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இறக்கம் வேறு. டிரெய்லர் வாங்கிய முதல் ஆண்டு, அந்தச் சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தார்ன் நோக்கி இறங்கியபோது பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். பாதி வழியில் கருகிய வாடை வண்டிக்குள் வந்தது. இன்னும் சிறிது தூரத்தில் மிதிகட்டை வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. அந்த மென்மை இன்றும் என் பாதத்தில் நினைவிருக்கிறது. ஓரம் கட்டி நாற்பது நிமிடம் நின்றோம். அதன் பிறகு உச்சியிலேயே இழுவை நிலைக்கு மாற்றி, கீழ்ப்பல்லில் (குறைந்த கியரில்) போட்டு, மெதுவாக இறங்கத் தொடங்கிவிடுகிறேன். வேகம் ஏறும்போது மட்டும் ஒருமுறை உறுதியாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுகிறேன். டீசல் வண்டிகளில் புகைக்குழாய் பிரேக் என்ற வசதி இந்த வேலையைப் பெருமளவு தானே செய்துவிடும். டீசலுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் அதற்காகத்தான். மலையேறும் விசை இரண்டாம்பட்சம்.

கால்கரித்தமிழச்சி (ஆல்பர்ட்டா):

தம்பி, பான்ஃப் எங்களுக்கு வாசல்படி மாதிரி. முக்கால் டன் வண்டியில் 32 அடி டிரெய்லரை நான்தான் ஓட்டுகிறேன். என் கணவர் வரைபடம் பார்ப்பார்.

முக்கால் டன் என்றவுடன் டீசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். ஆயிரம் பவுண்டு-அடிக்கு மேற்பட்ட முறுக்குவிசை என்று கேட்டதும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. கதவைத் திறந்து பார்த்தால் 2,050 பவுண்டு என்று இருந்தது. சாக்ரமென்டோக்காரரின் அரை டன்னுக்கும் அதற்கும் தொண்ணூறு பவுண்டுதான் வேறுபாடு. காரணம் எளிது. முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிறுத்தப்பட்டிருக்கிறது. டீசல் இயந்திரமோ பெட்ரோல் இயந்திரத்தைவிடப் பல நூறு பவுண்டு கனம். அந்தக் கனமும் நம் பங்கிலிருந்துதான் கழிகிறது. பக்கத்தில் நின்ற பெட்ரோல் வண்டியின் கதவில் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஃபோர்டின் 7.3 லிட்டர் வி8 430 குதிரைத்திறன், ஜி.எம்.மின் 6.6 லிட்டர் வி8 401 குதிரைத்திறன். எட்டாயிரம் பவுண்டு டிரெய்லருக்கு இவை தாராளம். டீசலுக்குப் பத்தாயிரம் டாலர் அளவில் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். மைனஸ் முப்பதில் இரவெல்லாம் இயந்திரச் சூடேற்றியைச் செருகி வைக்க வேண்டும். பத்தாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட, பிக்கப்பின் பின்தொட்டிக்குள்ளேயே மாட்டும் ஐந்தாம் சக்கர டிரெய்லரை ஆண்டு முழுவதும் இழுப்பவர்களுக்கு அது தகும். ஆண்டுக்கு ஐந்தாறு பயணம் போகும் உங்களுக்குப் பெட்ரோல் போதும்.

பெட்ரோல் வண்டியின் குறையையும் மறைக்கமாட்டேன். டிரெய்லரோடு நூறு கிலோமீட்டருக்கு 22 லிட்டர் குடிக்கிறது. எதிர்க்காற்றில் இன்னும் அதிகம். ஏற்றத்தில் இயந்திரம் நாலாயிரம் சுற்றுக்குப் போய்ச் சத்தம் போடும். அது அதன் இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 230 கிலோமீட்டர் தூரத்தில் எரிபொருள் கிடைப்பது சஸ்காட்சுவன் ரிவர் கிராசிங்கில் மட்டும்தான், அதுவும் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஆகவே லேக் லூயிஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவின் பழைய முகாம்கள் சிலவற்றில் 31 அடி நுழையாது. பான்ஃபில் டனல் மவுண்டன் டிரெய்லர் கோர்ட்டில் இடம் கிடைக்கிறதா என்று முன்பதிவு திறந்த அன்றே பாருங்கள்.

இன்னொன்று, வீட்டுக் கராஜை அளந்துவிட்டு வாங்குங்கள். எங்கள் வண்டி ஒன்றரை அடி வெளியே நிற்கிறது. ஒவ்வொரு பனிக்காலமும் அந்த ஒன்றரை அடிக்காகவே நான் விடியற்காலையில் பனி தள்ளுகிறேன்.

மார்க்கம்வாசி:

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் 26 அடி டிரெய்லரைப் போய்ப் பார்த்தோம். மூத்தவள் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். கால் சுவரில் முட்டியது. இன்னும் இரண்டு ஆண்டில் வேறு வாங்க வேண்டிவரும் என்று தெரிந்ததால் 31 அடியிலேயே நின்றுவிட்டோம். அதன் உச்ச எடை 3,900 கிலோதான் என்பதால், டிரெய்லருக்கு 4,600 கிலோ வரை அனுமதிக்கும் என் ஜி உரிமமே (ஒன்ராரியோவின் சாதாரண கார் உரிமம்) போதும். வண்டிக்கு, மூன்று ஆண்டு பழைய பெட்ரோல் முக்கால் டன் ஒன்று, துணி இருக்கையோடு கிடைத்தது. நான் முதலில் பார்த்த புதிய அரை டன்னைவிட விலை குறைவு. வாங்குவதற்கு முன் ஒன்பது வண்டிகளின் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படம் எடுத்துவைத்தேன். ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே நிறம். ஆனாலும் இரண்டு வண்டிகளுக்கு இடையே முந்நூறு பவுண்டு வேறுபாடு இருந்தது. நாங்கள் எடுத்ததில் 1,420 கிலோ, 3,131 பவுண்டு. மொத்த எடை வரம்பு 10,000.

சென்ற சனிக்கிழமை எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, 401ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய எடைமேடைக்குப் போனோம். கம்பிகள் மாட்டிய நிலையில் முன்னச்சு 4,080, பின்னச்சு 4,540, டிரெய்லர் அச்சுகள் 7,020. கம்பிகளைக் கழற்றியபோது வண்டி 8,740, டிரெய்லர் அச்சுகள் 6,900. வண்டி மட்டும் 7,720. அண்ணா சொன்னபடி கழித்தால் முன்பாரம் 1,020 பவுண்டு, டிரெய்லரின் மொத்த எடை 7,920, ஆக 12.9 விழுக்காடு. பொறியாளர் வீட்டிலிருந்தபடி காகிதத்தில் போட்ட 1,035க்கும் எடைமேடை காட்டியதற்கும் பதினைந்து பவுண்டுதான் வேறுபாடு. கம்பிகள் 120 பவுண்டைப் பின்னுக்கு அனுப்புகின்றன. வண்டியின் வரம்புக்கு இன்னும் 1,380 பவுண்டு கையில் இருக்கிறது. அந்த அரை டன்னை வாங்கியிருந்தால் இதே சாமான்களோடு எங்கே நின்றிருப்போம் என்பதையும் கணக்குப் பார்த்தேன். என் மனைவி அந்தத் தாளை வாங்கி மடித்து வண்டியின் முன்பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கில்பேர் பூங்காவுக்கு முதல் பயணம். புறப்படுமுன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

நெடுஞ்சாலைத்தோழன்:

எண்கள் நன்றாக இருக்கின்றன தம்பி. இனிப் பார்க்க வேண்டியவை சிறியவை. டிரெய்லர் ரயர்களின் காற்றைக் காலையில், ஓடுமுன், குளிர்ந்திருக்கும்போது அளந்து, டிரெய்லரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். டிரெய்லர் ரயர்கள் பல மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்யப்பட்டவை. நீங்கள் 95இலேயே வையுங்கள். வெற்றுச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கைநெம்பை மட்டும் அமுக்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் டிரெய்லர் உங்களைப் பின்னால் இழுக்கிறதா என்று பாருங்கள். புதிய டிரெய்லரின் சக்கர நட்டுகள் முதல் ஓட்டத்தில் இளகும். நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டோர்க் குறட்டை வண்டியிலேயே வைத்துக்கொண்டு 15 கிலோமீட்டரில் ஒருமுறை, 40இல் ஒருமுறை, 80இல் ஒருமுறை இறுக்குங்கள். உங்கள் வீட்டிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறிப் போனால், பாரிக்கு முன்னால் உள்ள ஓய்விடம் மூன்றாவது முறைக்குச் சரியாக வரும்.